மாடுகளின் தொற்று மூக்கு மூச்சுக்குழாய் அழற்சி

மாடு கமக்காரருக்கு ஏருக்கும் பசளைக்கும் பாலுக்கும் ஆதாரமாகும். காய்ச்சலுற்று மூக்கொழுகிய மாடு இரண்டொரு கிழமையிற் சுகமடைந்ததும் நோய் முற்றாக நீங்கிற்று எனக் கருதுவது வழக்கம். எர்ப்பீசு இன வைரசினால் உண்டாகும் இந்நோயைப் பொறுத்தமட்டில் அக்கருத்துத் தவறானது. சுகமடைந்த மாடு தன் ஆயுள் முழுவதும் வைரசைச் சுமந்து திரியும். 1950களில் ஐக்கிய அமெரிக்காவில், நெருக்கமாக அடைத்துக் கொழுக்க வைக்கப்பட்ட மாடுகளில் இந்நோய் முதன்முதல் இனங்காணப்பட்டது.

கலங்கள் அழியும் விதம்

நோயுற்ற மாட்டின் சளியிலும் மூச்சுத் துளிகளிலும் வைரசு வெளிவரும். அதனை உள்ளிழுக்கும் மாட்டின் மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியுள்ள கலங்களுள் அது நுழையும். வைரசு தானாகப் பெருகவல்லதன்று. ஆகவே அது கலத்தின் கருவை அடைந்து அதன் வேலையைத் தன்வசப்படுத்தும். கலம் தனக்கு வேண்டிய புரதங்களை ஆக்குவதை விடுத்து, வைரசின் பகுதிகளையே ஆக்கும்.

இதன் பின்னர் கலம் இருவகையில் இறக்கும். சில கலங்கள் வலுவிழந்து, மென்சவ்வு கிழிந்து சிதையும். வேறு சில, தம்முள் இயல்பாக அமைந்துள்ள ஒழுங்கின்படி சுருங்கித் துண்டுகளாகித் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ளும். நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் சிலவும் இவ்வாறு மடியும்.

மூச்சுக்குழாயின் கலங்களிலுள்ள நுண்ணிய பிசிர்களே தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளுகின்றன. அக்கலங்கள் அழிந்ததும், வேலி அழிந்த தோட்டத்துட் பன்றி புகுவதுபோலப் பற்றீரியாக்கள் நுரையீரலுட் புகும். மாடு இறப்பது பெரும்பாலும் இதனாலேயே.

நரம்பில் மறைந்திருத்தல்

வைரசு முகத்தின் நரம்பு வழியே சென்று நரம்புக் கலங்களிலும் தங்கும். அங்கு அது கலத்தைக் கொல்லாது உறங்கிக் கிடக்கும். நெடுந்தூரப் பயணம், கன்றீனுதல், பிறநோய் ஆகியவற்றால் மாடு தளரும்போது மீண்டும் விழித்து மூக்கிற்கு வரும். அவ்வேளை மாடு நலமாகத் தோன்றினும் பிற மாடுகளுக்கு நோயைப் பரப்பும்.

அறிகுறிகள்

தொற்றி 2 முதல் 6 நாட்களிற் கடுங்காய்ச்சல், மூக்குச் சிவத்தல், முதலில் நீராகவும் பின்னர் தடித்தும் சளி வடிதல், கண்ணீர் வடிதல், பால் குறைதல் என்பன காணப்படும். சினைப்பசுவிற் கரு சிதைதலும் உண்டு; காய்ச்சல் தணிந்து சில கிழமைகளின் பின்னரும் இது நேரலாம். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது.

செய்யவேண்டியவை

1. நோயுற்ற மாட்டை உடனே வேறாக்கி, மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். பிற நோய்களிலும் இவ்வறிகுறிகள் தோன்றுமாதலால் பரிசோதனை அவசியமாகும்.

2. புதிதாக வாங்கிய மாட்டை 3 அல்லது 4 கிழமைகள் பட்டியிற் சேராது வைத்தல் வேண்டும். மறைந்திருக்கும் வைரசை இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

3. வைரசின் உறை கொழுப்பாலானது. ஆகையால் வாளிகளையும் தொட்டிகளையும் சவர்க்கார நீராற் கழுவி வெயிலிற் காயவிடுதல் நன்று.

4. வைரசை உடலினின்றும் அகற்றும் மருந்து இல்லை. வைத்தியர் தரும் மருந்து பற்றீரியாக்களையே அழிக்கும். தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்குமேயன்றி, நரம்பில் உறங்கும் வைரசை நீக்காது.

டென்மார்க்கு, சுவிற்சலாந்து, ஒசுத்திரியா ஆகிய நாடுகள் வைரசைச் சுமக்கும் மாடுகளைப் பரிசோதனையாற் கண்டறிந்து பட்டிகளினின்றும் அகற்றியே இந்நோயை ஒழித்தன. எனவே, வாங்கும் மாட்டின் தோற்றத்தை மாத்திரம் நம்பாது, அது வந்த பட்டியின் நிலையையும் விசாரித்தறிதல் கமக்காரர் கடனாகும்.