போக இரண்டரை, வர ஐந்தரை

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து வளைகுடா போகிறவர்கள் பலரும் களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறார்கள்.

காலை 10 மணிக்குக் கிளம்பினால், துபாய் கடிகாரத்தில் பகல் 12.30க்கு இறங்கலாம். அங்கே 10 மணிக்கு ஏறினால், இங்கே மாலை 3.30 ஆகிவிடும். ஏன்?

பறக்கும் நேரம் இருபுறமும் ஏறக்குறைய 4 மணிதான். மாறுவது கடிகாரம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. இந்திய நேரத்துக்கு அடிப்படை கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகை; அமீரக நேரத்துக்கு 60. இடைவெளி 22.5 பாகை, அதாவது ஒன்றரை மணி. இறங்கியதும் கைக்கடிகாரத் திருகை இழுத்து முள்ளைப் பின்னால் திருப்புவது இதற்குத்தான்.

உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 2,950 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மணி நேரம் போதும். ஓடுபாதைக்கு ஊர்வதும், மேலேறுவதும், இறங்கக் காத்து வட்டமிடுவதும் மீதியை எடுத்துக்கொள்கின்றன.

பூமி சுழல்வதால் மேற்கே சீக்கிரம் போகலாம் என்று நினைப்பது தவறு. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. எதிர்க்காற்றும் பின்காற்றும்தான் சில நிமிடங்களைக் கூட்டும், குறைக்கும்.

அழைக்கப் போகிறவர்கள் கவனிக்க: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். வண்டிக்குச் சொல்லும்போது ஒன்றரை மணியை மறுபடி கூட்ட வேண்டாம்.