வீட்டுத் தொட்டியில் குள்ளச் சிக்லிட் மீன்கள்

ராயப்பேட்டை போன்ற சென்னைப் பகுதிகளில் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் பலர். கொளத்தூர்ச் சந்தையில் இவற்றை வாங்கலாம். தென் அமெரிக்காவின் ராம் மீனுக்கு உப்புக் குறைந்த மென்னீர் தேவை. கடலோரக் கிணற்று நீர் அதற்கு ஒவ்வாது. நம் நாட்டுச் சிக்லிட்டான ஆரஞ்சு குரோமைடு சற்று உப்பான நீரையும் தாங்கும். சுமார் 8 செ.மீ. நீளமே வளரும். ஆகவே புதிதாகத் தொடங்குவோர் இதனைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

3 அடி நீளத் தொட்டியில் ஆற்று மணல் பரப்பி, தட்டைக் கற்களை வைக்க வேண்டும். 6 இளம் மீன்களை விட்டால் தாமே இணை சேரும். இணை சேர்ந்ததும் மற்றவற்றை அகற்றவும். கல்லில் ஒட்டிய முட்டைகளைத் தாய், தந்தை இரண்டும் காக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் ஊறும் கோழையையும் உண்ணும். எனவே உடனே பிரிக்கக் கூடாது. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றவும்.

ஓர் எச்சரிக்கை! 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் இனமே. அது ஏரி, குளங்களில் பெருகி நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பறித்தது. ஆகையால் தேவைக்கு மிஞ்சிய அயல்நாட்டு மீன்களைக் கிணற்றிலோ கண்மாயிலோ விடாமல், வளர்ப்போருக்கே கொடுத்துவிடுங்கள்.