நான்கு கிளை, ஒரே நெட்வொர்க்

சென்னையில் நான்கு இடங்களில் இயங்கும் ஒரு ஸ்கேன் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தி.நகரில் தலைமை அலுவலகம். தாம்பரம், அம்பத்தூர், வேளச்சேரியில் கிளைகள். தாம்பரத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனைத் தி.நகரில் இருக்கும் டாக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒருவருடைய ஸ்கேன் படங்கள் மொத்தம் 500 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 2 மெகாபிட் போகும் பழைய லீஸ்டு லைனில் அவை வந்துசேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 20 மெகாபிட் லைனில் மூன்று நிமிடம் 20 நொடி. 100 மெகாபிட்டில் 40 நொடி.

ஒரே நகரத்தில் இருக்கும் கிளைகளை ஃபைபர் வழியாக இணைக்கும் மெட்ரோ ஈதர்நெட் சேவையை விற்க வருபவர்கள் முதலில் பேசுவது இந்த வேகத்தைப் பற்றித்தான். வேகம் மெய்யான பலன், சந்தேகமில்லை. அதைவிடப் பெரிய பலன்கள் இரண்டு உண்டு என்பது என் கருத்து. நகரத்தின் நான்கு மூலைகளில் இருக்கும் கிளைகள் ஒரே கட்டடத்தின் நான்கு மாடிகள்போல இயங்கும். அப்படி இயங்கும் என்பதற்கு டெலிகாம் நிறுவனம் எழுத்தில் உறுதி தரும். இந்த எழுத்து உறுதியைச் சரியாகக் கேட்டு வாங்காதவர்கள், மற்ற பலன்களையும் நடுவழியில் இழந்துவிடுகிறார்கள்.

ஈதர்நெட் என்பது உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தொழில்நுட்பம்தான். கம்ப்யூட்டரையும் சுவிட்சையும் இணைக்கும் கேபிள், பிரிண்டரின் பின்னால் இருக்கும் சின்னச் சதுர போர்ட், எல்லாம் அதுவே. 1973இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கியது. 1983இல் அது பொதுத் தரமானபோது வேகம் 10 மெகாபிட். ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை இணைப்பதற்காகப் பிறந்தது என்பதால், கட்டடத்துக்கு வெளியே வெகுகாலம் அதற்கு இடமில்லை.

வெளியே ஆட்சி செய்தது டெலிபோன்காரர்களின் உலகம். இ1 என்று இன்னமும் பழைய ஆட்கள் சொல்லும் லைன், நொடிக்கு 2.048 மெகாபிட் கொண்டுபோகும். முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசுவதற்காக அளந்து செய்த லைன் அது. அது போதாதென்றால் இன்னொரு இ1 வாங்கிச் சேர்க்கலாம். இல்லையென்றால் ஒரேயடியாக 34 மெகாபிட்டுக்குத் தாவ வேண்டும். அடுத்த படி 155. உங்களுக்கு 12 மெகாபிட் தேவை என்றால் அதற்கென்று ஒரு படியே கிடையாது. ஒவ்வொரு தாவலுக்கும் ரவுட்டரில் புதிய கார்டு, புதிய வேலை, பல வாரக் காத்திருப்பு.

மெட்ரோ ஈதர்நெட்டில் ஃபைபர் உங்கள் கட்டடத்துக்குள் வந்து ஒரு சின்னப் பெட்டியில் முடியும். அதிலிருந்து சாதாரண ஈதர்நெட் போர்ட் ஒன்றை உங்களுக்குத் தருவார்கள். போர்ட் 1 ஜிகாபிட் தாங்கும். நீங்கள் வாங்குவது 20 ஆகவோ 30 ஆகவோ இருக்கலாம். அடுத்த ஆண்டு 80 வேண்டுமென்றால், பெரும்பாலும் அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கணினியில் எண்ணை மாற்றினால் போதும். உங்கள் பக்கத்தில் எந்தப் பெட்டியும் மாறாது. வளரும் நிறுவனத்துக்கு இது பெரிய நிம்மதி. மூன்று வருடம் கழித்து என்ன தேவைப்படும் என்று யூகித்து இன்றே பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

ஒரே ஃபைபரில் நூறு நிறுவனங்களின் தகவல் போகும்போது ஒன்று மற்றதோடு கலந்துவிடாதா? நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஈதர்நெட் பொட்டலத்தின் மேலும், அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று காட்டும் வி.லேன் எண் ஒன்றை ஒட்டலாம். ஆனால் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 12 பிட் மட்டுமே. 4,094 பிரிவுகளுக்கு மேல் போக முடியாது. பெருநகரம் முழுவதற்கும் அது எங்கே போதும்? அதோடு, நீங்கள் உங்கள் அலுவலகத்துக்குள் வைத்திருக்கும் எண்ணையே இன்னொரு வாடிக்கையாளரும் வைத்திருப்பார். 2005இல் வந்த தரம் இதற்கு வழி கண்டது. உங்கள் கடித உறையைப் பிரிக்காமல், அதை அப்படியே இன்னொரு உறைக்குள் போட்டு, அதன் மேல் டெலிகாம் நிறுவனம் தன் எண்ணை எழுதிக்கொள்ளும். 2008இல் வந்த அடுத்த தரம் இந்த எண்ணுக்கு 24 பிட் இடம் தந்தது. அதில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட சேவைகளைத் தனித்தனியாகப் பிரிக்கலாம்.

தொழில்நுட்பம் பக்குவப்பட்டால் மட்டும் போதாது. ஆளுக்கொரு பெயரில் விற்றால் வாங்குபவருக்கு ஒப்பிட வழியில்லை. 2001இல் தொடங்கிய மெட்ரோ ஈதர்நெட் ஃபோரம் என்ற தொழில் அமைப்பு இதற்குப் பொதுவான பெயர்களையும் வரையறைகளையும் தந்தது. இரண்டு இடங்களை மட்டும் இணைத்தால் அது இ-லைன். தி.நகர் அலுவலகத்தையும் அம்பத்தூரில் சர்வர் வைத்திருக்கும் டேட்டா சென்டரையும் இணைக்க இதுவே போதும். எல்லாக் கிளைகளும் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் இ-லேன். மூன்றாவது வகை இ-ட்ரீ: கிளைகள் தலைமையகத்தோடு பேசலாம், தங்களுக்குள் பேச முடியாது. பிறருக்கு ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்தும் நிறுவனத்துக்கு மிகவும் பொருத்தமானது இது. ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரரின் கணக்கை எட்டிப் பார்க்கும் பாதையே அங்கே இருக்காது.

இனி நம் ஸ்கேன் நிறுவனத்தில் இதனால் என்ன மாறும் என்று பார்ப்போம். சாதாரண பிராட்பேண்ட் திட்டங்கள் பலவற்றில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் குறைவு. கிளையிலிருந்து படங்களை அனுப்பும் தொழிலுக்கு ஏற்றும் வேகம்தான் உயிர். மெட்ரோ ஈதர்நெட்டில் வழக்கமாக இரண்டு திசைக்கும் ஒரே வேகம். கிளைக்கு ஒன்றாக நான்கு சர்வர், நான்கு இன்டர்நெட் இணைப்பு, நான்கு ஃபயர்வால், நான்கு டெலிபோன் பெட்டி வைத்திருந்த இடத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம். பார்த்துக்கொள்ள ஆளும் குறைவாகப் போதும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், பல நிறுவனங்களுக்கு லைன் வாடகையில் மிச்சப்படுவதைவிட இந்த ஒருங்கிணைப்பில் மிச்சப்படுவதே அதிகமாக இருக்கும்.

தாமதம் என்ற ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஃபைபருக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க நொடியில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு நேரம் ஆகும். 40 கிலோமீட்டர் ஃபைபர் என்றாலும் போய்வர அரை மில்லி நொடிகூட ஆகாது. வழியில் இருக்கும் சுவிட்சுகள் சிறிது சேர்க்கும். வங்கியோ மருத்துவமனையோ ஒவ்வொரு பதிவையும் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் எழுதி வைக்க விரும்பினால் இந்தக் குறைந்த தாமதம் இல்லாமல் முடியாது. ஏனென்றால் எதிர்முனை ‘எழுதிவிட்டேன்’ என்று பதில் சொல்லும்வரை இந்த முனை ஒவ்வொரு முறையும் காத்திருக்கும். ஒரு கட்டடத்தில் வெள்ளம் புகுந்தாலும் அடுத்த கட்டடத்தில் கடைசிப் பதிவுவரை பத்திரமாக இருக்கும் ஏற்பாடு இது. 2015 டிசம்பர் மழையைப் பார்த்த சென்னை நிறுவனங்களுக்கு இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரவு பேக்கப்புக்கும் ஒரு கணக்கு. 1 டி.பி. அளவு தகவலை 100 மெகாபிட் லைனில் அனுப்ப 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1 ஜிகாபிட்டில் இரண்டேகால் மணி நேரத்தில் முடியும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் வேலை காலை கடை திறப்பதற்குள் முடியுமா என்பதை இந்த வகுத்தல் கணக்கே சொல்லிவிடும். எவ்வளவு வேகம் வாங்குவது என்று குழம்புபவர்கள் முதலில் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒப்பந்தத் தாளுக்கு வருவோம். வேகம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு எண்கள் இருக்கலாம். ஒன்று சி.ஐ.ஆர்.; எந்த நெரிசலிலும் உறுதியாகக் கிடைக்கும் அளவு. இன்னொன்று இ.ஐ.ஆர்.; பாதை காலியாக இருந்தால் மட்டும் கூடுதலாகக் கிடைப்பது, நெரிசல் வந்தால் முதலில் வெட்டப்படுவது. ‘100 மெகாபிட்’ என்று எழுதியிருக்கும் ஒரு லைனில் சி.ஐ.ஆர். 20 மட்டுமாகவும் மீதி 80 இ.ஐ.ஆர். ஆகவும் இருக்கலாம். விலை குறைவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஸ்கேன் படங்களும் டெலிபோன் பேச்சும் சி.ஐ.ஆருக்குள் அடங்க வேண்டும், பேக்கப்பை இ.ஐ.ஆரிடம் விடலாம்.

இன்னொரு சிக்கலைச் சொல்ல வேண்டும், பலரும் லைன் மீது தவறாகப் பழி போடுவது இதனால்தான். 50 மெகாபிட் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் ரவுட்டரின் போர்ட் 1 ஜிகாபிட். ரவுட்டர் தகவலை அனுப்பும்போது ஒரு கண நேரத்துக்கு முழு 1 ஜிகாபிட் வேகத்தில் தள்ளும். டெலிகாம் பக்கம் இருக்கும் பெட்டி, குறித்த அளவுக்கு மேல் ஒரே மூச்சில் வந்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிடும். எறிந்ததை மறுபடி அனுப்ப வேண்டும்; மொத்த வேகமும் விழும். 50 வாங்கினோம், 15 கூட வரவில்லை என்ற புகார்களில் ஒரு பகுதி இப்படிப்பட்டது. உங்கள் ரவுட்டரிலேயே வெளியே போகும் வேகத்தை 50க்குக் கொஞ்சம் கீழே சீராகக் கட்டுப்படுத்தி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். செலவில்லாத வேலை, செய்யத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

அடுத்தது சேவை உறுதி, அதாவது எஸ்.எல்.ஏ. 99.5 சதவீதம் என்று எழுதியிருந்தால், வருடத்தில் ஏறக்குறைய 44 மணி நேரம் லைன் செத்துக் கிடந்தாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. 99.9 என்றால் எட்டே முக்கால் மணி நேரம். 99.99 என்றால் 53 நிமிடம். லைன் நின்றுபோனால் கிடைக்கும் ஈடு வழக்கமாக வாடகையில் ஒரு பகுதியைக் கழிப்பது மட்டுமே. அன்று திரும்பிப்போன நோயாளிகளின் கணக்கு அதில் வராது. சதவீதத்தோடு, எத்தனை மணி நேரத்தில் பழுது பார்ப்பார்கள், தாமதமும் வழியில் ஏற்படும் தகவல் இழப்பும் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

லைன் ஏன் நிற்கிறது? நம் நகரங்களில் முதன்மையான காரணங்களில் ஒன்று ஜே.சி.பி. மெட்ரோ ரயில், குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால் என்று ரோடு தோண்டாத மாதமே சென்னையில் இல்லை. தோண்டுவதற்கு முன் அடியில் யாருடைய கேபிள் இருக்கிறது என்று தெரிவிக்க மத்திய அரசு 2023இல் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியையே கொண்டுவர வேண்டியிருந்தது. டெலிகாம் நிறுவனத்தின் முதன்மை ஃபைபர் வளையமாக அமைந்திருக்கும்; ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகத் திரும்பிவிடும். ஜி.8032 என்ற தரத்தின்படி அதற்கு 50 மில்லி நொடிக்கு மேல் ஆகக் கூடாது, பேசிக்கொண்டிருப்பவருக்கே தெரியாது. ஆனால் அந்த வளையத்திலிருந்து உங்கள் கட்டடம்வரை வரும் கடைசித் துண்டு பெரும்பாலும் ஒற்றை ஃபைபர். அதற்கு வளையத்தின் பாதுகாப்பு கிடையாது.

அதனால் முக்கியமான கிளைக்கு இரண்டு லைன் வாங்குங்கள். வாங்குமுன் இரண்டும் எந்தத் தெரு வழியாக வருகின்றன என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. இருவருடைய ஃபைபரும் ஒரே குழாய்க்குள் வரலாம், ஒருவர் இன்னொருவரின் ஃபைபரை வாடகைக்கு எடுத்தும் இருக்கலாம். கட்டடத்துக்குள் நுழையும் இடம்கூட வேறாக இருக்க வேண்டும். இதை வற்புறுத்திக் கேட்பவர்கள் மிகக் குறைவு. மொத்த விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. உங்கள் தகவல் பொது இன்டர்நெட்டைத் தொடாமல் போகிறது என்பது நல்லதுதான். அது பூட்டப்பட்டு விட்டது என்று பொருளல்ல. நோயாளிகளின் விவரமோ பணமோ போகும் லைனில் மேக்செக் அல்லது ஐ.பி.செக் முறையில் குறியாக்கம் போடுவது உங்கள் பொறுப்பு. அதேபோல, இ-லேனில் கிளைகளை வெறும் சுவிட்ச் வைத்து இணைக்காதீர்கள். வேளச்சேரியில் யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகினால் எழும் தகவல் வெள்ளம் தாம்பரத்தையும் முடக்கும். கிளைக்கு ஒரு ரவுட்டர் வையுங்கள்.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. பில் போடுவது, மெயில், கணக்கு எல்லாமே கிளவுடில் இருக்கும் நான்கு பேர் அலுவலகத்துக்கு இரண்டு பிராட்பேண்டும் ஒரு நல்ல ரவுட்டரும் போதும். கிளைகளுக்கிடையே கனமான கோப்புகள் ஓடினாலோ, ஒரு மணி நேரம் நின்றால் கையைக் கடிக்கும் தொழில் என்றாலோ மெட்ரோ ஈதர்நெட் அதன் விலைக்குத் தகும்.

லைன் போட்டு முடித்ததும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அன்றிலிருந்து வாடகை ஓடத் தொடங்கும். அதற்கு முன் ஒய்.1564 சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வேகம், தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், இழப்பு நான்கும் அதில் எண்ணாக இருக்கும். ஒப்பந்த எண்களோடு ஒத்துப்பாருங்கள். இரண்டு லைன் வாங்கியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் முதல் லைனின் ஃபைபரை அவர்கள் ஆள் முன்னிலையிலேயே கழற்றச் சொல்லி, தாம்பரத்தின் படம் தடையில்லாமல் தி.நகர் வந்துசேர்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.