சாயநீரில் ஓர் ஆய்வுப் பாடம்

விசைத்தறிக்கும் சாயப்பட்டறைக்கும் பெயர்பெற்றது பள்ளிபாளையம். காவிரியின் மறுகரையில் ஈரோடு. சாயக்கழிவு ஆற்றில் கலக்கிறது என்ற புகார் இப்பகுதியில் பல்லாண்டுகளாகத் தீரவில்லை. ஆயினும், இங்கு வேதியியல் பயிலும் மாணவர்கள் பலர் ஆராய்ச்சி என்பது ஐ.ஐ.டி.க்களில் மட்டுமே நடப்பது என்று எண்ணுகின்றனர். பொருளாதாரம் கற்பித்த எனக்கு இது வியப்பளிக்கிறது.

செயற்கைச் சாயத்தையே ஒரு மாணவர்தான் கண்டுபிடித்தார். 1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், ஈஸ்டர் விடுமுறையில், வீட்டிலிருந்த சிறு ஆய்வகத்தில் கொயினா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்று தோற்றார். குடுவையில் எஞ்சிய கசடிலிருந்து ஊதா நிறம் கிடைத்தது.

நம் மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி காணப்படுவது மெத்திலீன் நீலம். அதை நீரில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டைக் கரியோ கரும்புச் சக்கைக் கரியோ எவ்வளவு உறிஞ்சுகிறது என்று நிறமானியில் அளப்பார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால், மெத்திலீன் நீலம் நேர்மின் அயனிச் சாயம். பருத்தி நூலுக்குப் பெரிதும் பயன்படும் வினைச்சாயங்களோ எதிர்மின் அயனித் தன்மையுடையவை. முன்னதை நன்கு பற்றும் கரி பின்னதையும் அவ்வாறே பற்றும் என்பதற்கு உறுதியில்லை. தவிர, சாயம் நூலில் ஏறுவதற்காகச் சேர்க்கப்படும் உப்பு, நிறம் நீங்கிய பின்னும் நீரிலேயே தங்கும்; வயலை உவராக்குவது அதுவே. எதிர் சவ்வூடுபரவல் முறையில் உப்பைப் பிரிக்கலாம். ஆனால், அதற்கான மின்செலவும், இறுதியில் குவியும் கலப்பு உப்பும் சிறு பட்டறைகளுக்குப் பெருஞ்சுமை. இச்செலவைக் குறைக்கும் வழியே நமக்குத் தேவைப்படும் ஆய்வு.

இதற்கு உதவியும் உண்டு. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம், ஆசிரியர் வழிகாட்டுதலில் நடக்கும் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி வழங்குகிறது. நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து அளிக்கும் கோடைக்கால ஆய்வு நல்கையைப் பெறும் மாணவர், இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியுடன் பணியாற்றலாம். விண்ணப்பத்தில் 'வேதியியலில் ஆர்வம் உண்டு' என்று எழுதுவதைவிட, தன் ஊர்ச் சாயநீரை மூன்று மாதம் அளந்த குறிப்பேட்டைப் பற்றி எழுதுபவரையே எந்த விஞ்ஞானியும் விரும்புவார். பட்டறை உரிமையாளரின் இசைவோடு மாதிரி எடுப்பதும், நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பதும் அவசியம்.

பல கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு முடிந்ததும் நிறமானி பீரோவுக்குள் போய்விடுகிறது. சனிக்கிழமை பிற்பகல்களில் அந்தப் பீரோவைத் திறந்துவைக்க ஓர் ஆசிரியர் இசைந்தால், இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.