வீட்டுத் தயாரிப்பு பீர்: கலனை ஒட்டும் பசையில் மறைந்திருக்கும் ஆபத்து

புதுதில்லி: பிளாஸ்டிக் வாளியில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தி, கசியும் இடத்தைப் பசையால் அடைத்துவிட்டால் பீர் நொதிக்கும் கலன் தயார் எனச் சொல்லித்தரும் காணொலிகள் இணையத்தில் ஏராளம். ஆனால், கசியாத கலன் எல்லாம் பாதுகாப்பான கலன் ஆகிவிடாது.

பீரின் பிஎச் அளவு பொதுவாக 4 முதல் 4.5 வரை இருக்கும். ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த திரவம், வெறும் தண்ணீர் கரைக்காத பல வேதிப்பொருள்களையும் கரைத்தெடுக்கும். அதுவும் வாரக்கணக்கில் அதே கலனில் தேங்கி நிற்கிறது.

அதிகம் பயன்படுத்தப்படுவது, ரெசினையும் ஹார்டனரையும் கலந்து பூசும் எபாக்சி பசை. பெரும்பாலான எபாக்சி ரெசின்கள் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருளிலிருந்து தயாரிக்கப்படுபவை. கலவை விகிதம் பிசகினால் ஒரு பகுதி வினைபுரியாமல் எஞ்சி, பானத்தில் கலக்கக்கூடும். தொட்டால் ஒட்டவில்லை என்பது முழுமையாக இறுகிவிட்டதற்கு அடையாளம் அல்ல; அதற்குச் சில வகைகளில் ஒரு வாரம்கூட ஆகும். உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையோ ஈரத்திலும் வெப்பத்திலும் பிடிப்பை இழந்துவிடும்.

சிலிக்கான் சீலன்ட்டில் வீசும் வினிகர் வாடையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது அசிட்டிக் அமிலம், இறுகியதும் மறைந்துவிடும். குளியலறைக்கான வகைகளில் சேர்க்கப்படும் பூஞ்சைக்கொல்லிதான் உண்மையான கவலை.

உலோகங்களிலும் எச்சரிக்கை தேவை. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியை அமிலம் அரிக்கும். ஈயம் கலந்த பற்றாசு வைத்த இணைப்புகளை அறவே தவிர்க்க வேண்டும். ஈயம் உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

இன்னொரு ஆபத்து அழுத்தம். 100 கிராம் குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் 25 லிட்டருக்கும் அதிகமான கரியமில வாயு வெளியாகும். வாயு வெளியேற வழியின்றி மூடினால் பசை பிடித்த இடம் பிய்த்துக்கொள்ளும். கண்ணாடி பாட்டில் என்றால் வெடிக்கும்.

அசாமின் திமாசா மக்கள் தயாரிக்கும், 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற 'ஜுடிமா' அரிசி பானத்துக்கு இத்தகைய பசைகள் தேவைப்பட்டதில்லை. பழங்குடியினர் சொந்தப் பயன்பாட்டுக்கு அரிசி பீர் தயாரிக்கச் சில மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன. மதுபானம் மாநிலப் பட்டியலில் உள்ளதால், மற்றவர்கள் தங்கள் மாநிலக் கலால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். 2016 முதல் மதுவிலக்கு அமலில் உள்ள பிகாரில் வீட்டில் தயாரிப்பதும் குற்றமே.

அனுமதி உள்ள இடங்களிலும் பசையைத் தவிர்ப்பதே நல்லது. உணவுத் தர சிலிக்கான் வாஷரை இருபுறமும் வைத்து நட்டால் இறுக்கினால் கசிவு நின்றுவிடும். கழற்றிக் கழுவவும் முடியும். வாளியின் அடியில் உள்ள கோப்பை-முள்கரண்டி குறியீடு அந்த வாளிக்கு மட்டுமே பொருந்தும், பின்னர் பூசிய பசைக்கு அல்ல. ரசாயனம் இருந்த பழைய டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்டதைச் சோப்பு நீர் வெளியேற்றாது.