பெட்டிக்குள் ஒரு கடை: பென்சிலில் வரைந்த லிப்ஸ்டிக்

சென்ற இதழில் கதை ஆஸ்திரேலிய சூப்பர் மார்க்கெட்டின் பால் பவுடர் அலமாரியில், ‘ஆளுக்கு இரண்டு டின் மட்டும்’ என்ற பலகைக்கு முன்னால் நின்றது. தைகோ யார் என்று இன்னொரு முறை விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் பொருள் வாங்கி, ஊரில் காத்திருப்பவர்களுக்கு லாபம் வைத்து அனுப்பும் சீனர்கள். இந்த வாரம் சியாவ்ஹோங்ஷு செயலி பிறந்த கதை வரும் என்று சொல்லியிருந்தேன். வரும். அதற்கு முன்னால் 2019 ஜனவரியில் வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.

அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று சீனாவின் மின்வணிகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடை வைத்து விற்றாலும் சரி, வீசாட்டில் நண்பர்களுக்கு விற்றாலும் சரி, வியாபாரியாகப் பதிவு செய்ய வேண்டும். வரி கட்ட வேண்டும். மீறினால் அபராதம் 20 லட்சம் யுவான் வரை போகும். அதுவரை சியோலிலும் சிட்னியிலும் கடை அலமாரிகளைப் படமெடுத்துப் போட்டுக்கொண்டிருந்த தைகோக்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. பொருளின் பெயர் எழுத்தில் இருந்தால் கணினி படித்துவிடும். புகைப்படத்தில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் என்று பேச்சு பரவியது.

அவர்கள் பென்சிலை எடுத்தார்கள்.

லிப்ஸ்டிக், முகப்பூச்சுக் குப்பி, பால் பவுடர் டின் எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் கையால் வரைந்து, பக்கத்தில் கிறுக்கலாகப் பெயரையும் எழுதி, அதைப் படமெடுத்துப் போட ஆரம்பித்தார்கள். மூடி ஒரு பக்கம் சாயும், குப்பி இன்னொரு பக்கம் சாயும். பிராண்டின் ஆங்கில எழுத்துகளில் ஒன்று பெரிதாகவும் ஒன்று பொடியாகவும் இருக்கும். சிலர் கலர் பென்சிலால் உதட்டுச்சாயத்தின் நிறத்தை நிரப்பிக் காட்டினார்கள். ஓவியப் பயிற்சி உள்ள ஒருசிலரின் படங்கள் விளம்பரத்தையே தோற்கடித்தன. மற்றவை மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுப்பாடம் போலிருந்தன. சீன இணையம் விழுந்து விழுந்து சிரித்தது. இதில் இன்னொரு வேடிக்கை: அதே சட்டம் வீட்டில் செய்த கைவினைப் பொருள்களை விற்பவர்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு அளித்திருந்தது. படம் கைவினைதான், சந்தேகமில்லை. லிப்ஸ்டிக் அல்லவே!

சிரிப்பை விடுங்கள். கோணல்மாணலான ஒரு குப்பியின் படத்தைப் பார்த்து, அசலை நம்பிப் பணம் அனுப்புகிறவர் யார்? வாங்குகிறவர் படத்தையே பார்க்கவில்லை, வரைந்தவரைப் பார்த்தார். கல்லூரித் தோழி, சித்தி மகள், பழைய அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி என்று யாரோ ஒருத்தி. வீசாட்டை டென்சென்ட் நிறுவனம் 2011 ஜனவரியில் வெளியிட்டது. ‘நண்பர் வட்டம்’ என்ற பகுதி 2012இல் சேர்ந்தது. அங்கே ஒருவர் போடும் படம் அவருடைய தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அதன்கீழ் வரும் பின்னூட்டத்தைக்கூட இருவருக்கும் பொதுவான நண்பர்கள்தான் படிக்க முடியும். பட்டியலுக்கும் அப்போது 5,000 பேர் என்று வரம்பு இருந்தது. பேரம், பணம், முகவரி எல்லாம் அந்த ஒரே செயலிக்குள் முடிந்துவிடும். தெருவில் போகிறவன் கண்ணில் படாத கடை இது.

அறிமுகம் இல்லாதவர்களிடம் போனபோதுதான் அத்தாட்சி தேவைப்பட்டது. கடைக்குள் நடந்துகொண்டே வீடியோ, பில்லின் படம், ‘நான் இப்போது சியோலில் இருக்கிறேன்’ என்று காட்டும் இடக்குறிப்பு எனக் கேட்டதையெல்லாம் கொடுத்தார்கள். கேட்டது கிடைக்கும் என்றால் போலியும் கிடைக்கும். வெளிநாட்டுக் கடை பில்லைப் போலவே அச்சடித்துத் தருபவர்கள் வந்தார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே இடக்குறிப்பை மாற்றக் கற்றவர்கள் வந்தார்கள். உள்ளூரில் செய்த போலிச் சரக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த பார்சல் என்ற வேஷத்தோடு வீடு சேர்ந்தது. அசல் பில்லையே நம்ப முடியாத இடத்தில் பென்சில் படம் விலைபோனதில் ஆச்சரியம் என்ன?

இந்த அவநம்பிக்கைக்கு வேர் 2008இல் இருக்கிறது. தண்ணீர் கலந்த பாலில் புரதம் அதிகம் இருப்பதாகச் சோதனையில் காட்ட மெலமைன் சேர்த்தார்கள். சன்லு நிறுவனத்தின் பால் பவுடரில் தொடங்கி, மற்ற பெயர்களும் வரிசையாக வெளிவந்தன. குழந்தைகள் ஆறு பேர் இறந்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அதன்பிறகு சீனத் தாய்மார்கள் எல்லை தாண்டி டின் தேடினார்கள். தன் பிள்ளைகளுக்கே தட்டுப்பாடு வந்ததால், 2013 மார்ச்சில் ஹாங்காங், வெளியே போகும் பெரியவர் ஒருவர் இரண்டு டின்னுக்குமேல் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டது. மீறினால் 5 லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. தங்கத்துக்கும் போதைப்பொருளுக்கும் பையைக் குடைந்த அதிகாரிகள் பால் டின் எண்ண ஆரம்பித்தார்கள்.

சென்னை வாசகருக்கு உடனே நினைவு வருவது குருவிகள்தான். சிங்கப்பூருக்குப் போய் எலக்ட்ரானிக் சாமான்களோடு திரும்புகிறவர்கள். பர்மா பஜாருக்குப் பழகிய முகங்கள். ஆனால் குருவி சுமப்பது பெரும்பாலும் இன்னொருவர் சரக்கை. டிக்கெட்டும் கூலியும் முதலாளி தருவார், வாடிக்கையாளர் முகம் குருவிக்குத் தெரியாது. தைகோவுக்கு முதலாளியே கிடையாது. வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அவள் கைப்பேசிக்குள் இருக்கிறார்கள். சரக்கு பிடிபட்டால் நஷ்டமும் அவளுக்குத்தான்.

நஷ்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு முன்னாள் விமானப் பணிப்பெண்ணின் வழக்கு காட்டியது. தென்கொரிய வரியில்லாக் கடைகளில் அழகுசாதனப் பொருள்கள் வாங்கி, தாவ்பாவ் என்ற இணையச் சந்தையில் விற்றுவந்தார். சுமார் 11 லட்சம் யுவான் வரி ஏய்த்ததாக 2012இல் பெய்ஜிங் நீதிமன்றம் கொடுத்த தண்டனை 11 ஆண்டு சிறை. முகப்பூச்சுக்குப் பதினொரு வருடமா என்று இணையம் கொதித்தது. மறுவிசாரணையில் 2013இல் அது மூன்று ஆண்டானது. அப்போதும் ஆட்கள் குறையவில்லை. 2018 செப்டம்பர் கடைசியில் ஷாங்காயின் புதோங் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைத் திறந்து வைத்து அதிகாரிகள் சோதித்த படங்கள் பரவின. ஊர் திரும்பும் சீனர் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய பொருளின் மதிப்பு 5,000 யுவான். ஒரு நல்ல கைப்பைக்கே அது போதாது. அந்தச் செய்தி பாரிஸ் பங்குச்சந்தைவரை போய், ஆடம்பரப் பொருள் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன.

சட்டமும் சோதனையும் முடிக்காததைக் கொரோனா பாதி முடித்தது. 2020இல் எல்லைகள் மூடின. பெட்டியோடு போக ஆளில்லாமல், தைகோக்களை நம்பியிருந்த ஏ2 பால் நிறுவனம் தன் வருமானக் கணிப்பைத் திரும்பத் திரும்பக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலையில் சீன அரசு தன் ஹைனான் தீவில் ஒருவர் வரியில்லாமல் வாங்கும் வரம்பை ஆண்டுக்கு ஒரு லட்சம் யுவானாக உயர்த்தியது. வெளியே போகும் பணத்தை வீட்டு வாசலிலேயே மடக்கும் சாமர்த்தியம். தைகோக்களில் சிலர் ஹைனானுக்கே பெட்டி கட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஜப்பானில் 2015 சீனப் புத்தாண்டு விடுமுறையில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். சீனப் பயணிகள் தண்ணீர் பீய்ச்சும் மின்சாரக் கழிப்பறை இருக்கைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். ஊருக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தபோது சிலவற்றில் இருந்த முத்திரை: ஹாங்சோவில் தயாரிக்கப்பட்டது. தங்கள் நாட்டுத் தொழிற்சாலைச் சரக்கைக் கடல் தாண்டிப் போய்ச் சுமந்து வந்திருந்தார்கள்.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு எங்கே என்ன வாங்கலாம் என்று சொல்லித்தரத்தான் சியாவ்ஹோங்ஷு பிறந்தது. 2013இல் ஷாங்காயில் மாவ் வென்சாவ், ச்யூ ஃபாங் என்ற இருவர் ஆரம்பித்தபோது அது செயலிகூட அல்ல. தரவிறக்கிக்கொள்ளும் பிடிஎஃப் வழிகாட்டி. அந்தக் கோப்பு கோடிக்கணக்கானவர்கள் புழங்கும் சந்தையானது எப்படி, 2025 ஜனவரியில் டிக்டாக்கைப் பறிகொடுக்கப் பயந்த அமெரிக்கர்கள் கூட்டமாக அங்கே வந்து இறங்கியது ஏன் என்பதெல்லாம், பென்சில்காரர்கள் குறுக்கே வராவிட்டால், அடுத்த வாரம்.

(தொடரும்)