கடல்குதிரையைக் காக்கும் சட்டமும் அதை வாரும் மடியும்

சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரத்துக்கும் கடலுக்கும் தூரம் அதிகம். ஆனாலும் வெளிநாட்டுச் சந்தைக்காக ஓர் உயிரினம் அழிக்கப்படும் கதை சித்தூர்ப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. சேஷாசலக் காட்டின் செம்மரம் அதைக் கற்றுத்தந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 20 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழக மலையோரக் கிராமங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்ட வந்தவர்கள். சட்டத்தின் கடுமை முதலில் போய் விழுவது கடைசிக் கூலியாள் மேல்தான். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல்குதிரையைக் காக்கும் சட்டத்திலும் இதே கோணல் இருக்கிறது. அதை நேராக்காமல் தண்டனையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் கடல்குதிரை பிழைக்காது.

2001இல் கடல்குதிரையும் அதன் இனமான குழல்மீன்களும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு விரல் நீள மீனுக்கும் வந்தது. பிடிப்பது, வைத்திருப்பது, உலர்த்தி விற்பது எல்லாமே குற்றம். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை; 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். கடல்குதிரை கைவசம் இருந்தது நிரூபணமானால், அது சட்டப்படி வந்ததென்று காட்டும் பொறுப்பு வைத்திருந்தவருடையது. அலங்காரத்துக்கென வாங்கி வீட்டில் வைத்தாலும் வழக்கு வரலாம் என்பதை ஊர்ப்புறத்தில் பலர் அறிவதில்லை. உலக அளவில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2004 மே மாதம் முதல் எல்லாக் கடல்குதிரைகளும் இருக்கின்றன.

இத்தனை இருந்தும் எண்ணிக்கை ஏன் தேறவில்லை? கடல்குதிரையைத் தேடிப்போய்ப் பிடிப்பவர்கள் சிலரே. அதை வாரிக்கொண்டு வருவது இறாலுக்காக அடிக்கடலை உழுதுபோகும் இழுவை மடி. கடல்குதிரையால் வேகமாக நீந்த முடியாது. கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஆண்தான் வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமக்கும். புல்லோடு சேர்த்து மடி இழுத்தால் கருவுற்ற தந்தையும் போகும், ஒளிய இடமும் போகும். 21 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு, வேறு மீனுக்காக வீசிய வலைகளில் ஆண்டுக்கு 3.7 கோடி கடல்குதிரைகள் சிக்குவதாக மதிப்பிட்டது. தடைக்குப் பிறகும் இந்தியக் கடலில் அவை பெரும் எண்ணிக்கையில் வலையேறுவதை 2021இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. தடை வணிகத்தை மறைவுக்குத் தள்ளியது. மடியை அது தொடவே இல்லை.

மடியில் செத்து வந்ததைக் கடலில் எறிவதால் யாருக்கு லாபம், விற்றால் கூலிக்காவது ஆகுமே என்று படகுக்காரர் கேட்பதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் செத்ததற்கு விலை வந்துவிட்டால் கடற்புல் பக்கமே மடி இழுக்கத் தோன்றும். செத்து வந்தது எது, சாகடித்தது எது என்று கரையில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தடையை நீக்கி, 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை மட்டும் விற்கவிடலாம் என்பது இன்னொரு யோசனை. சைட்ஸ் அமைப்பே அந்த அளவைப் பரிந்துரைத்ததுண்டு. பொறுக்கிப் பிடிக்கும் தொழிலுக்கு அது பொருந்தும். அளவு வித்தியாசம் பார்க்காமல் அள்ளும் மடிக்கு எப்படிப் பொருந்தும்? விசைப்படகுக் குடும்பங்களின் கடன் சுமைதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. அவர்களிடமிருந்து புதிதாக எதையும் பறிக்க வேண்டியதில்லை. இருக்கும் விதிகளை நடத்தினாலே போதும் என்பதே என் பதில். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையை ஒட்டி வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது. கடற்புல் தழைப்பது பெரும்பாலும் அந்த ஆழமற்ற நீரில்தான். இறால் குஞ்சும் நண்டும் வளர்வதும் அங்கேதான். அந்த எல்லை காக்கப்பட்டால் நாட்டுப்படகுக்காரர் வலையும் நிறையும்.

மகாராஷ்டிரம் 2018 முதல், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு இழப்பீடு தருகிறது. கடல்குதிரையை விடுவிக்க வலையை அறுக்க வேண்டியதில்லை. உயிரோடு திருப்பி விட்டவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் இருந்தாலே பாதி வேலை முடியும். வழக்கில் மாட்டிக்கொண்ட கூலியாளுக்கும் உரிமைகள் உண்டு: கைதான 24 மணி நேரத்துக்குள் அவரை நீதிபதி முன் நிறுத்த வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். அதற்கான தொலைபேசி எண் 15100. மறுபுறம், வியாபாரி தப்பிக்கும்போது கைகட்டிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. வனத்துறையிடமோ, சென்னையில் தென்மண்டல அலுவலகம் வைத்திருக்கும் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகத்திடமோ தகவல் தரலாம். அவர்கள் அசையாவிட்டால், குற்றம் இன்னதென்றும் வழக்குத் தொடுக்கப் போவதாகவும் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, சட்டத்தின் 55ஆம் பிரிவின் கீழ் எந்தக் குடிமகனும் நேரே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். பக்கத்துத் திருப்பதி மாவட்டத்தின் பழவேற்காடு ஏரிக்கரையில் இருப்பவருக்கும் சாந்திபுரத்தில் இருப்பவருக்கும் இந்த உரிமை ஒன்றுதான்.